அறிவித்தும் எட்டாமல் இருக்கச் செய்வது எப்படி?

அறிவிப்பு வெளியிடுவது யாருக்கும் வரும். எல்லோருக்கும் தெரிவித்தாயிற்று என்று மினிட்ஸ் நோட்டில் எழுதிவைத்துவிட்டு, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் அது போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை. நீங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருக்கலாம், பள்ளித் தலைமையாசிரியராக இருக்கலாம், வங்கிக் கிளையிலோ அரசு அலுவலகத்திலோ பதிப்பகத்திலோ இருக்கலாம். எங்கே இருந்தாலும் இந்த வித்தை கைவர வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். செவித்திறன் குறைந்தவர்களும் 50 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 11 லட்சத்து 79 ஆயிரம். இத்தனை பேரும் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு நேரே கூட்டத்துக்கு வந்து, வரவு செலவில் கேள்வி கேட்க ஆரம்பித்தால், ஏற்கெனவே பத்தாத நாற்காலிக்கு எங்கே போவது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா இருந்தாலே போதும், இவர்கள் தாமாக வெளியே நின்றுவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். தப்பு. சும்மா இருந்தால் அறிவிப்பு எட்டித் தொலைத்துவிடும். எட்டாமல் இருக்கத்தான் பாடுபட வேண்டும்.

எழுத்தை அடக்கம் செய்தல்

உங்கள் அறிவிப்பு பிறக்கும்போது அது எழுத்தாகத்தான் பிறக்கிறது. அலுவலகக் கணினியில் யாரோ தட்டச்சு செய்கிறார்கள். மிகவும் ஆபத்தான நேரம் அதுதான். தட்டச்சான எழுத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: யார் கைக்குப் போகிறதோ அவருக்குத் தோதாக அது மாறிக்கொள்ளும். பார்வையற்றவரின் போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் அதை வாய்விட்டுப் படிக்கும். பார்வை மங்கியவர் இரண்டு விரலால் இழுத்து ஒரு வரியைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக்கொள்வார். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை எழுத்துக்கு இடையே இடம் விட்டு, பின்னணி நிறத்தை மாற்றி, கூடவே குரலையும் ஓடவிட்டுப் படிக்கும். கண்ணும் காதும் இரண்டுமே கைகொடுக்காதவர் பிரெய்ல் காட்டும் கருவியில் விரலை வைத்தால், அதே எழுத்து ஊசிமுனைப் புள்ளிகளாக எழும்பி நிற்கும். பொத்தானை அழுத்த அழுத்த அடுத்த வரி வரும். இவ்வளவுக்கும் நீங்கள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. அதுதான் பயம்.

ஆகவே கோப்பு அறையை விட்டு வெளியேறுமுன் எழுத்தின் உயிரை எடுத்துவிட வேண்டும். முதலில் அச்செடுங்கள். கையெழுத்துப் போடுங்கள். பிறகு ரப்பர் ஸ்டாம்பை மை சொட்டச் சொட்ட எடுத்து, கூட்டம் நடக்கும் தேதியின்மேல் சரியாகக் குத்துங்கள். தாளைக் கொஞ்சம் சாய்த்து ஸ்கேன் செய்யுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது பிடிஎஃப். பார்ப்பதற்கு எழுத்து, உள்ளே வெறும் படம். திரைவாசிப்பான் அதைத் திறந்தால் ‘காலிப் பக்கம்’ என்பது போல ஏதாவது சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இன்னும் உறுதி வேண்டுமானால் அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கண்ணாடியில் டியூப்லைட் பளபளக்க மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். தட்டச்சு செய்த மூலக் கோப்பு கணினியிலேயே பத்திரமாக இருக்கட்டும். யார் கேட்டாலும் அது ‘ஆபீஸ் காப்பி’.

இதற்குப் பிறகு ஒரு தொலைபேசி வரும். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், பார்வையற்றவர். உரையாடல் அநேகமாக இப்படிப் போகும்:

“செக்ரட்டரி சார், குரூப்ல ஏதோ நோட்டீஸ் வந்திருக்கே?”

“ஆமா சார், அதுல எல்லா விவரமும் போட்டிருக்கோமே.”

“எனக்குப் ‘படம்’னு மட்டும்தான் சொல்லுது. என்ன விஷயம்னு டைப் பண்ணி அனுப்ப முடியுமா?”

“பக்கத்துல யாராவது இருந்தா காட்டுங்க சார், படிச்சுச் சொல்வாங்க.”

இந்தக் கடைசி வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கருணை மாதிரியே ஒலிக்கும், வேலையும் மிச்சம். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஒருவர், பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு ஏறியது என்பதைத் தெரிந்துகொள்ள எதிர்வீட்டுப் பையன் டியூஷன் முடிந்து வரும்வரை காத்திருப்பார். வங்கிக் கடிதம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, கடவுச்சொல் எல்லாவற்றுக்கும் இதே ‘பக்கத்தில் யாராவது’ பொருந்தும். அந்தரங்கம் என்பதெல்லாம் கண் தெரிகிறவர்களுக்குத்தானே.

ஓர் எச்சரிக்கை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இப்போது தமிழையும் படிக்கின்றன. அவற்றைச் சமாளிக்கத்தான் ஸ்டாம்ப், சாய்வு, பளபளப்பு எல்லாம். அறிவிப்பை இரண்டு பத்தியாகப் பிரித்துக் கட்டம் கட்டி, பின்னால் சங்கத்தின் சின்னத்தைச் சாம்பல் நிறத்தில் பரப்பிவிட்டால், செயலி இடப்பக்க வரியில் பாதியையும் வலப்பக்க வரியில் பாதியையும் சேர்த்துப் படித்து, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் நாளில் பொருளாளர் தேர்தல் என்று சொல்லும்.

எழுத்துருவால் காரியம் சாதித்தல்

மேலிடம் ‘எழுத்தாகத்தான் கொடுக்க வேண்டும், ஸ்கேன் கூடாது’ என்று பிடிவாதம் பிடித்தால் கலங்க வேண்டாம். தமிழனுக்கென்றே ஒரு பாரம்பரிய ஆயுதம் இருக்கிறது: பாமினி. பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கிலம். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா. திரைவாசிப்பானின் காதுக்கோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இரண்டு பக்கச் சுற்றறிக்கை முழுவதும் இப்படியே போகும். எம்கே அரைப்புள்ளி கேஎச் என்று பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்; அதற்கு மேல் எந்த மனிதருக்கும் உரிமை கேட்கும் தெம்பு இருக்காது.

யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதனால் என்ன? ‘எங்க டிடிபி ஆபரேட்டருக்கு இதுதான் பழக்கம்’ என்ற ஒரு வரி எந்த அரசாணைக்கும் சளைத்ததல்ல. பதிப்பகத்தாருக்கு இன்னொரு வசதியும் உண்டு. யூனிகோடிலேயே பக்கம் அமைத்திருந்தாலும், கவனக்குறைவாகப் பிடிஎஃப் ஆக்கினால் கொம்புகளும் கால்களும் இடம் மாறிக் குதறிப்போகும். ‘கொடு’ என்பதில் கொம்பு ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் தொங்கும், நடுவில் எழுத்து அநாதையாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகலெடுத்து ஒட்டினால்தான் தெரியும். நீங்கள் ஏன் நகலெடுத்துப் பார்க்கப் போகிறீர்கள்?

வேறு வழியே இல்லாமல் நேரடியாக வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்துதான் அனுப்ப வேண்டும் என்ற நிலை வந்தால், தலைப்புக்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் பன்னிரண்டு, ஒவ்வொரு வரி முடிவிலும் கும்பிடும் கை ஆறு. திரைவாசிப்பான் கர்மசிரத்தையாக ஒவ்வொன்றையும் சொல்லும். கூப்பிய கைகள், கூப்பிய கைகள், கூப்பிய கைகள். தேதி வருவதற்குள் அவருக்குப் பேருந்து வந்துவிடும்.

குரலால் காரியம் சாதித்தல்

இதுவரை சொன்னது பார்வையற்றவர்களுக்கு. காது கேளாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழும். அவர்களுக்கு மேலே சொன்ன போட்டோ கூட ஓரளவு போய்ச் சேர்ந்துவிடுகிறதே! இங்கேதான் குரல் பதிவு கைகொடுக்கிறது. தட்டச்சு செய்யச் சோம்பலாக இருக்கும் நாளில் மைக் சின்னத்தை அழுத்திப் பிடியுங்கள். ‘எல்லாருக்கும் வணக்கம், சாப்பிட்டீங்களா’ என்று தொடங்குங்கள். போன வருடம் ஆண்டுவிழா எப்படி நடந்தது, மழை எப்படிக் கெடுத்தது என்று சொல்லுங்கள். நான்கு நிமிடப் பதிவில் தேதியும் நேரமும் மூன்றே முக்காலாவது நிமிடத்தில் வரட்டும். அப்போது உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் இன்னும் விசேஷம். எழுத்தில் தேதியைத் தேடிப் பிடிக்கலாம். குரலில் முழுதும் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். காது கேட்பவருக்கே இதுதான் கதி என்றால் கேளாதவர் பாடு உங்களுக்கே புரியும். குரலைத் திரும்ப எழுத்தாக்கும் இயந்திரங்கள் உண்டுதான். ஆனால் நம் ஊர்ப் பேச்சும் குக்கர் விசிலும் சேர்ந்தால் அவை கழிவுநீர் வாரியத்தைக் கடல்நீர் வாரியமாக்கிக் கொடுத்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். எழுத்திலிருந்து குரல் செய்வது இயந்திரத்துக்கு அற்ப வேலை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் படிக்கும். பழகியவர்கள் அதை நாம் பேசும் வேகத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடவிட்டுக் கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. குரலிலிருந்து எழுத்தும் பிரெய்லும் செய்வதுதான் பாடு. ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பிழை திருத்த வேண்டும். ஆகவே ஒன்றை மட்டும்தான் தர முடியும் என்றால் குரலைத் தாருங்கள். இந்தக் கையேட்டின் சாரமே இதுதான்.

சேவை மையம் நடத்துகிறவரா நீங்கள்? புகார் சொல்ல ஒரே ஒரு தொலைபேசி எண் வையுங்கள். ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்று தொடங்கி, குழலிசை வாசித்து, கடைசியில் ‘எங்கள் பிரதிநிதியுடன் பேசவும்’ என்று முடியட்டும். காது கேளாத தையல்காரர் ஒருவர் கணக்கு முடங்கிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பினால், பதில் எழுதாதீர்கள், கூப்பிடுங்கள். எடுக்க மாட்டார். ‘வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டோம், அவர் அழைப்பை ஏற்கவில்லை, புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஆம், அதை எழுத்தில் அனுப்புங்கள். அதை மட்டும் அவர் தெளிவாகப் படித்துக்கொள்வார்.

பதில் வாங்கும்போதும் இதே விழிப்பு வேண்டும். கை நடுக்கத்தால் தட்டச்சு செய்ய முடியாதவர் குரல் பதிவு அனுப்பினால் ‘எழுத்துமூலம் தரவும், சொந்தக் கையெழுத்தில், மூன்று நகல்’ என்று சொல்லுங்கள். மூளை முடக்குவாதத்தால் பேச்சு குழறுகிறவர் எழுதிக்கொண்டு வந்தால் ‘என்ன வேணும், வாயத் திறந்து சொல்லுங்க’ என்று கவுன்ட்டரிலேயே கேளுங்கள். வரிசையில் நிற்பவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒலிநூல் வெளியிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி. ஒன்பது மணி நேரத்தையும் ஒரே கோப்பாகக் கொடுங்கள். டெய்சி என்று ஒரு வடிவம் இருக்கிறது; அதில் எழுத்தையும் ஒலியையும் முடிச்சுப்போட்டு, அத்தியாயம் அத்தியாயமாக, பக்கம் பக்கமாகத் தாவிப் போகலாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதைக் கேட்பார்கள். காதில் விழாததுபோல் இருந்துவிடுங்கள்.

இரு தரப்பையும் மோதவிடுதல்

இதில் தேறிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ‘பார்வையற்றோர் ஒலி கேட்கிறார்கள், காது கேளாதோர் எழுத்து கேட்கிறார்கள், நாங்கள் யாருக்கென்று செய்வது? நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமே என்று யாராவது வாய் திறந்தால் பட்ஜெட் என்று சொல்லுங்கள்.

ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. 2023 பிப்ரவரி கடைசியில் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இரைச்சலைக் குறைக்கிறோம் என்று ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்தினார்கள். எல்லாம் இனிமேல் திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். விமான நிலையம் மாதிரி அமைதி. நல்ல யோசனை, பார்க்கத் தெரிந்தவர்களுக்கு. எந்த நடைமேடை, வண்டி எவ்வளவு தாமதம் என்பதைக் காதால் மட்டுமே தெரிந்துகொள்கிறவர்கள், பக்கத்தில் போகிறவர் சட்டையைப் பிடித்து நிறுத்திக் கேட்க வேண்டியதாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத பயணிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டு புகார் சொன்னதில், சில நாட்களிலேயே ஒலி திரும்பிவிட்டது. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் கோளாறு ஒன்றுதான்: அவசரப்பட்டுவிட்டார்கள். ஒலிபெருக்கியை நிறுத்தாமல் இரைச்சலாகவே விட்டுவைத்து, திரைகளில் பாதியைப் பழுதாக வைத்திருந்தால் இரு தரப்பையும் ஒருசேரக் கவனித்திருக்கலாம், ஒரு புகாரும் நாளிதழில் வந்திருக்காது. நாட்டில் எத்தனையோ நிலையங்கள் எந்தச் செய்தியிலும் அடிபடாமல் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

டீக்கடையில் பணம் வந்ததும் ‘பதினைந்து ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் பெட்டியைப் பாருங்கள். பார்வையற்ற கடைக்காரருக்கு அது பெரிய துணை, இனி யாரும் ஏமாற்ற முடியாது. அதிலேயே எண் தெரிகிற சின்னத் திரையும் இருந்தால் காது கேளாத கடைக்காரரும் பிழைத்துக்கொள்வார். ஆகவே அந்தத் திரை இல்லாத பெட்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

காணொளிக்கு ஒரு சிட்டிகை

இதை வேகமாக முடித்துவிடலாம். காணொளியில் வசன வரி வேண்டாம். பின்னணியில் நாதஸ்வரம் ஓடட்டும். முக்கியமான எண்ணைத் திரையில் மட்டும் காட்டி, ‘இந்த நம்பருக்கு உடனே கால் பண்ணுங்க’ என்று மட்டும் வாயால் சொல்லுங்கள். பார்வையற்றவருக்கு எண் போயிற்று. காது கேளாதவருக்கு எண் கிடைத்தும் அது எதற்கென்று தெரியாது. சைகைமொழி பெயர்ப்பாளரை வைத்தே ஆக வேண்டும் என்றால் திரையின் வலது மூலையில் தபால்தலை அளவில் வைத்து, அவர் கைகளின்மேல் ‘முக்கியச் செய்தி’ என்ற சிவப்புப் பட்டையை ஓடவிடுங்கள். முகம் மட்டும் தெரிந்தால் போதும், மரியாதைக்கு.

திரையுலக நண்பர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம். 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் ‘பதான்’ படத்தை ஓடிடியில் வெளியிடுமுன் காட்சி விளக்க ஒலியும் வசன வரிகளும் சேர்க்கச் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. நாயகன் பேசாமல் முறைத்துக்கொண்டே மாடிப்படி இறங்குகிற ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்வையற்ற ரசிகருக்கும் சொல்லிவிட வேண்டுமாம். நமக்கே தெரியவில்லையே என்று எழுதிக் கொடுத்துப் பார்க்கலாம்.

மொழிநடை

எழுத்து வடிவில், யூனிகோடில், படமில்லாமல், ஸ்டாம்ப் இல்லாமல் கொடுக்கும்படி ஆகிவிட்டதா? இன்னும் தோற்றுவிடவில்லை. வாக்கியம் உங்கள் கையில் இருக்கிறது. ‘மேற்காண் பொருள் தொடர்பாக முன்னர் வெளியிடப்பட்ட சுற்றறிக்கையின் பத்தி 3இல் தெரிவிக்கப்பட்டுள்ள நிபந்தனைகளுக்குட்பட்டு, உரிய படிவத்தில் விண்ணப்பிக்கத் தவறியோர் நீங்கலாக ஏனையோர்’ என்று தொடங்கி, வினைச்சொல்லைப் பக்கத்தின் அடியில் வையுங்கள்.

காது கேளாதவர்களுக்கு எழுத்தைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அரைகுறை அறிவு. பிறவியிலேயே காது கேளாதவர்கள் பலருக்கு முதல்மொழி சைகைமொழி. அதன் இலக்கணம் தமிழ் இலக்கணம் இல்லை. எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி; அதையும் சைகையே தெரியாத ஆசிரியர்கள்தான் பல பள்ளிகளில் கற்றுக்கொடுத்தார்கள். இந்திய சைகைமொழிக்கென்று மத்திய அரசின் ஆய்வு, பயிற்சி மையம் அமைந்ததே 2015இல்தான். 2018இல் மூவாயிரம் சொற்களோடு வந்த அகராதி, 2021இல் பத்தாயிரம் சொற்களைத் தொட்டது. அந்தப் பத்தாயிரத்தில் ‘மேற்காண்’ இருக்குமா என்று தேடப் போகிறவர்கள் தேடட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் சிறு வாக்கியம், பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு படம் என்று கொடுத்தால் நன்றாகவே புரியும் என்கிறார்கள். அப்படி எழுதினால் எல்லோருக்குமே புரிந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

அக்கறை காட்டுதல்

வலைத்தளத்தின் மேல்மூலையில் சக்கர நாற்காலிச் சின்னம் ஒன்றைப் பொருத்துங்கள். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், பின்னணி கறுப்பாகும். திறப்புவிழாவுக்கு அமைச்சரை அழைக்கலாம். உள்ளே விண்ணப்பப் படிவத்தில் ஒரு பட்டனுக்கும் பெயர் கொடுக்காதீர்கள். திரைவாசிப்பான் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று சொல்லும். எது ‘சமர்ப்பி’, எது ‘அழி’ என்பது அவரவர் விதி. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுதும் சட்டப்படி அணுகத்தக்கதாக மாறிவிடும் என்று விற்ற நிறுவனம் ஒன்றுக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அது அமெரிக்கா. நம் ஊரில் இன்னும் சின்னத்துக்கு மதிப்பு இருக்கிறது.

படிவத்தின் கடைசியில் காப்ட்சா வையுங்கள். நெளிந்த எழுத்தைப் படித்து, தான் மனிதர்தான் என்று நிரூபிக்க வேண்டும். கண் தெரியாதவர் நிரூபிக்க முடியாது. ஒலி மாற்று கேட்டால், பின்னணியில் நாலு பேர் பேசும் இரைச்சலோடு அமெரிக்க ஆங்கிலத்தில் எண்களைச் சொல்லும் பதிவு ஒன்றை இணையுங்கள். கண், காது இரண்டுமே இல்லாதவர் மனிதரா என்ற கேள்வியை இயந்திரமே தீர்த்துவைத்துவிடும். உங்கள் கையில் ரத்தக்கறை இருக்காது.

சட்டம் பேசுகிறவர்களைக் கையாளுதல்

சிலர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவு: ஒலி, அச்சு, மின்னணு எந்த ஊடகமானாலும் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், காட்சி விளக்கம், சைகைமொழி, வசன வரி வேண்டும். வெகுகாலம் நமக்கு ஒரு நல்ல பதில் இருந்தது: ‘இதெல்லாம் வழிகாட்டுதல்தானே, கட்டாயமில்லையே.’ 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதிலும் மண்ணைப் போட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதி 15(1) வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது போதாதென்று 2025 ஏப்ரல் 30 அன்று, வாடிக்கையாளரை அடையாளம் காணக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் முறையை எதிர்த்து அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர் ஒருவரும் போட்ட வழக்குகளில், டிஜிட்டல் அணுகல் என்பது வாழும் உரிமையின் பகுதி என்றும் தீர்ப்பளித்தது. இமை எரிந்துபோனவரிடம் இமையைக் கேட்டது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். நீதிபதிகளிடம் கேட்காதீர்கள்.

புத்தகம் போடுகிறவர்களின் பழைய கவசமான காப்புரிமையும் பொத்தலாகிவிட்டது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றினால் அது காப்புரிமை மீறல் ஆகாது. 2013இல் மராகேஷில் இதற்கென ஓர் உலக ஒப்பந்தம் வந்தது. 2014இல் அதை முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்தியா. எனவே அனுமதி மறுக்காதீர்கள். ‘தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி, அறுநூறு பக்க அச்சுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். மூலக் கோப்பைக் கேட்டால் கணினி மாற்றியதில் போய்விட்டது. தன்னார்வத் தொண்டர்கள் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி முடிப்பதற்குள் கேட்ட மாணவர் பட்டம் வாங்கியிருப்பார், அல்லது வாங்காமல் போயிருப்பார்.

கெட்ட சகவாசம்

சிலரிடமிருந்து விலகியே இருங்கள். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் மணி என்று ஒரு செயலி விட்டது. ரூபாய் நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பை வாயால் சொல்லும். காதும் கேட்காதவர்களுக்கு அதிர்வாகவும் உணர்த்தும். இரண்டையும் ஒரே செயலியில் வைத்துவிட்டார்கள், மோதவிட ஒன்றுமே மிச்சமில்லை. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் பேரிடர் எச்சரிக்கையைச் சோதித்தபோது எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது, அதிர்ந்தது, திரையில் எழுத்தும் வந்தது. புயல் வருகிறது என்பதை ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்ன காலத்தில் காது கேளாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் மூட்டை கட்டுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த அழகு போயிற்று.

மதுரைத் திட்டக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1998 பொங்கல் அன்று தொடங்கி, உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் சம்பளமில்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் எழுத்தாகவே வைத்திருக்கிறார்கள். பார்வையற்ற எந்தத் தமிழ் மாணவரும் சங்கப்பாட்டைத் தன் போனில் கேட்டுவிட முடிகிறது. அதே நூலின் ஸ்கேன் வேறு ஒரு மின்னூலகத்தில் ஐம்பது எம்பி கனத்தோடு, அட்டைப்பட அழகோடு, பார்வையற்றவருக்கு ஒரு சொல்லும் வெளிவிடாமல் பாதுகாப்பாக இருக்கிறது. நாம் பின்பற்ற வேண்டியது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் அலுவலகத்திலேயே ஓர் ஆபத்து உட்கார்ந்திருக்கக்கூடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். நடைமுறை தெரியாது. இரண்டாம் மாடி ஆசிரியர் கூப்பிட்டு நோட்டீஸ் கேட்டால், ‘ஒரு நிமிஷம் சார்’ என்று சொல்லிவிட்டு, தட்டச்சு செய்ததை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பிவிடுவார். ஸ்டாம்ப் இல்லை, கையெழுத்து இல்லை, கூப்பிய கைகள் கூட இல்லை. ஆசிரியர் அரை நிமிடத்தில் கேட்டுவிட்டு, ‘ரொம்ப நன்றிம்மா. மூணாவது ஐட்டத்துல லிஃப்ட் ரிப்பேர்னு ரெண்டு தடவை கணக்கு எழுதியிருக்கே, கவனிச்சீங்களா?’ என்று பதில் போடுவார். அந்தப் பெண்ணுக்கு உடனடியாகப் பயிற்சி தேவை. ஸ்கேனர் இருக்கும் அறைக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.